ஆபீஸ் லைன் கிடைக்கிறது, ஷேர் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை (டயல்-அப்)

களத்துமேடு | 8 நவம்பர் 2005, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். முதலாளியின் ஆபீஸ் திருநெல்வேலி டவுனில். தினமும் ராத்திரி மில்லில் இருந்து மோடம் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு டயல் பண்ணி, அங்கே இருக்கும் இருப்புக் கணக்கு எக்ஸெல் ஃபைலில் அன்றைக்கு அரைத்த மூடை, தவிடு, குருணை, போன லோடு எல்லாவற்றையும் ஏற்றுவது என் வேலை. இரண்டு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

தீபாவளிக்கு ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபெஷனல், சர்வீஸ் பேக் 2. ஃபைல்கள் எல்லாம் அதற்குப் போய்விட்டன. மோடம் மட்டும் பழைய விண்டோஸ் 2000 மெஷினிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரு ஹப்பில் (கம்ப்யூட்டர்களை வயரால் சேர்க்கிற பெட்டி) மாட்டியிருக்கிறார்கள். அன்றோடு எனக்கு இருப்புக் கணக்கு போச்சு.

லைன் கிடைக்கிறது. கீச்சு கீச்சென்று கத்தி முடித்து, யூசர் நேம், பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, மூலையில் இரட்டைக் கம்ப்யூட்டர் படம் மினுக்குகிறது. வேகம் 31.2 என்று காட்டும், சில நேரம் 26.4. நெட்வொர்க் பிளேசஸைத் திறந்தால் காலி. பெயரைத் தட்டினால் பிழை 53. ஆபீஸில் கேட்டால் "இங்க நல்லாத்தான தொறக்கு" என்கிறார்கள். முதலாளி, லைன் சரியில்லை, எக்சேஞ்சுக்கு எழுதிப் போடு என்கிறார். 56 கே மோடத்தில் 31 வருவதே அதற்கு அத்தாட்சியாம்.

இப்போதைக்கு ஒரு பையனிடம் சீட்டு எழுதிக் கொடுத்து காலை பஸ்ஸில் அனுப்புகிறேன். நேற்று மழையில் சீட்டு நனைந்து 118 மூடை 18 மூடையாகிவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

சாரல்73 | 8 நவம்பர், இரவு 10.25

லைன்தான் அண்ணாச்சி. போனை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள், கொர்ரென்று இரைச்சல் கேட்கும். அதே லைனில் பேரலல் போன் இருந்தால் கழற்றுங்கள். எங்கள் வீட்டில் மாமியார் மாடியில் ரிசீவரைத் தூக்கினால் மோடம் செத்துவிடும்.

வண்ணார்பேட்டை வயர் | 8 நவம்பர், இரவு 11.10

சாரல் தம்பி, அவசரப்படாதீங்க.

56 கே என்பது ஒரு முனை டிஜிட்டலாக இருந்தால் மட்டும் கிடைக்கிற வேகம். இன்டர்நெட்டுக்கு டயல் செய்யும்போது அந்தப் பக்கத்தில் மோடமே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், எக்சேஞ்சோடு நேராக டிஜிட்டலில் கட்டியிருப்பார்கள். அதனால்தான் இறக்கத்தில் 56-ஐ ஒட்டி வருகிறது. அதிலும் வி.90 என்கிற 56 கே வகை மோடத்தில் ஏற்றம் 33.6-தான். உங்களுக்கோ மில்லிலும் சாதா மோடம், ஆபீஸிலும் சாதா மோடம். தலைகீழாக நின்றாலும், இரண்டு சாதா மோடம் பேசிக்கொள்கிற வி.34 முறையின் உச்சமான 33.6-க்கு மேல் வராது. அதில் 31.2 என்பது அடுத்த படி. நான் லைன் வேலை பார்த்தவன், சொல்கிறேன்: மில்லுக்கு அப்படி ஒரு லைன் கிடைத்ததற்கு எக்சேஞ்சுக்கு எழுதுவதானால் நன்றிக் கடிதம் எழுதுங்கள்.

அப்புறம் பிழை எண்ணைப் பாருங்கள். லைனில், மோடத்தில், உள்ளே விடுகிற இடத்தில் கோளாறு என்றால் எண் 600, 700 வரிசையில் வரும். டயல் டோன் இல்லை என்றால் 680. எங்கேஜ் என்றால் 676. யாரும் எடுக்கவில்லை என்றால் 678. பாஸ்வேர்ட் தப்பு என்றால் 691. வேறு ஏதோ, பெரும்பாலும் ஃபேக்ஸ் சாஃப்ட்வேர், மோடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் 633. இதையெல்லாம் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். 53 என்பது உள்ளே போன பிறகு, "நீ கேட்கிற வீடு இங்கே எங்கே என்று தெரியவில்லை" என்கிற பிழை. வீடு தெரிந்து வாசலில் நிறுத்தினால் அது 5, அனுமதி இல்லை.

நெட்வொர்க் பிளேசஸ் காலியாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அது ஹப்பில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்து, யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுகிற வேலை. அந்தக் குரல் டயல்-அப் தாண்டி வராது. லைன் சரியாக இருக்கும்போதுகூடக் காலியாகத்தான் இருக்கும்.

டயல் பண்ணிய பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் ஐபி எண் ஒவ்வொன்றுக்கும் பிங் அடித்து (இருக்கிறாயா என்று கூப்பிட்டுப் பார்த்து), எது பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று எழுதுங்கள்.

களத்துமேடு | 9 நவம்பர், இரவு 9.15

வயர் அண்ணாச்சிக்கு நன்றி. நன்றிக் கடிதம் விஷயத்தை முதலாளியிடம் சொல்லவில்லை.

ஆபீஸ் தம்பியிடம் எண் எல்லாம் கேட்டு வாங்கினேன். பழைய மெஷின் 192.168.0.5. புது மெஷின் 192.168.0.10. டயல் பண்ணி வருகிறவர்களுக்கு என்று முன்பு ஒரு டெக்னீஷியன் 192.168.55.1-ல் இருந்து 55.5 வரை ஒதுக்கி வைத்திருக்கிறார். அதில் முதல் எண்ணைப் பழைய மெஷினே எடுத்துக்கொள்கிறது, எனக்கு 55.2. முன்பு ஃபைல் பழைய மெஷினில் இருந்தபோது \\192.168.55.1 என்று அடித்துத்தான் திறப்பேன்.

பிங் 192.168.55.1: பதில் வருகிறது, 170, 180 மில்லி செகண்ட்.
பிங் 192.168.0.5: பதில் இல்லை.
பிங் 192.168.0.10: பதில் இல்லை.

பழைய மெஷினில் "டயல் பண்ணுகிறவர் உள் நெட்வொர்க்கையும் பார்க்கலாம்" என்ற டிக் போட்டிருக்கிறது, பார்க்கச் சொல்லிவிட்டேன்.

சாரல்73 | 9 நவம்பர், இரவு 9.40

அப்படியானால் ஃபயர்வால்! சர்வீஸ் பேக் 2 போன வருஷம் ஆகஸ்டில் வந்ததில் இருந்து விண்டோஸ் ஃபயர்வால், அதாவது வெளியில் இருந்து வருவதைத் தடுக்கிற காவல், தானாகவே ஆன் ஆகி வருகிறது. ஃபைல் ஷேரிங்குக்கு விலக்கு கொடுத்தாலும் "என் சப்நெட் மட்டும்" என்ற வரம்போடுதான் கொடுக்கும். நீங்கள் 55, அது 0. வேறு சப்நெட், அதாவது வேறு எண் வட்டாரம். வாசலிலேயே தள்ளிவிடும்.

களத்துமேடு | 10 நவம்பர், இரவு 8.50

ஆபீஸுக்கு ஒரே லைன், அதில் நான் மோடத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் தம்பியை செல்லில் பிடித்து, ஃபயர்வாலை ஐந்து நிமிஷம் முழுசாக நிறுத்தச் சொன்னேன். ஒரு மாற்றமும் இல்லை. 0.10-ல் இருந்து மூச்சில்லை. மறுபடி ஆன் பண்ணச் சொல்லிவிட்டேன்.

பேட்டைக்காரி | 10 நவம்பர், இரவு 10.05

சாரல் சொன்னது தப்பில்லை, ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு குழி இருக்கிறது. நான் பேட்டையில் ஒரு ஆபீஸில் இருபது கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறேன், இதே குழியில் விழுந்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்புவது போய்ச் சேருகிறதா என்று மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறீர்கள். பதில் எந்த வழியாகத் திரும்பும் என்று யாரும் கேட்கவில்லை. புது மெஷினுக்கு 55.2 என்று ஒரு ஆள் இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தது 192.168.0 என்கிற ஒரே தெரு. வேறு தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள், அதாவது டீஃபால்ட் கேட்வே, ஹப்பில் இரண்டு மெஷின் மட்டும் இருக்கும் ஆபீஸில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் கடிதம் வந்தாலும், பதிலை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் குப்பையில் போட்டுவிடும்.

அந்த டெக்னீஷியன் எதற்கு 55 என்று தனித் தெரு போட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. அரைகுறை வேலை. ஒதுக்கிய எண்களை 192.168.0.201 முதல் 0.205 என்று மாற்றச் சொல்லுங்கள். அப்போது பழைய மெஷினே உங்களுக்காக "நான்தான் அது" என்று ஹப்பில் பதில் சொல்லி வாங்கி, லைனில் உங்களிடம் தள்ளிவிடும். ஒரே சப்நெட் ஆகிவிடுவதால் ஃபயர்வால் சிக்கலும் சேர்ந்து போகும்.

களத்துமேடு | 11 நவம்பர், இரவு 9.30

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே மாற்றினார்கள். இப்போது எனக்கு 0.202 என்று எண் வருகிறது. ஆனால் இருந்ததும் போச்சு. முன்பு 55.1 ஆவது பதில் சொல்லும். இப்போது 0.201, 0.5, 0.10 ஒன்றும் பேசவில்லை.

முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு "ஆளாளுக்கு வைத்தியம் பாத்தா நோயாளி என்னத்துக்கு ஆவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்ணார்பேட்டை வயர் | 11 நவம்பர், இரவு 9.50

முதலாளி விவரமான ஆள்.

பேட்டைக்காரி | 11 நவம்பர், இரவு 11.30

மன்னிக்கணும் தம்பி. ஒன்பதாம் தேதி நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். விடை அதிலேயே இருக்கிறது, நான்தான் தாண்டிப் போய்விட்டேன்.

55.1-ம் 0.5-ம் ஒரே பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஒரு பெயரில் கூப்பிட்டால் பதில் வருகிறது, இன்னொரு பெயரில் கூப்பிட்டால் வரவில்லை. திரும்பும் வழிதான் கோளாறு என்றால் அந்தப் பெட்டிக்கு அது பொருந்தாது, உங்களை நேரடியாகத் தெரிந்த ஆள் அது. அப்படியானால் 0-வில் ஆரம்பிக்கிற எதற்கு நீங்கள் அனுப்பினாலும் அது மில்லை விட்டே வெளியே போகவில்லை.

டயல் பண்ணிய நிலையில், மில் கம்ப்யூட்டரில், கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து வருவதை அப்படியே எழுதுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம். மில்லில்.

களத்துமேடு | 12 நவம்பர், காலை 7.20

இரண்டு பத்தி வருகிறது. பிபிபி அடாப்டர் (மோடம் இணைப்பு) என்பதற்குக் கீழே 192.168.0.202. அதற்கு மேலே லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் என்று போட்டு 192.168.0.1.

இரண்டாவது என்ன என்று யோசித்தேன். போன வருஷம் என் மச்சினன் வந்தபோது, எடைமேடை ரூமில் இருக்கிற கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட் கிடைக்கட்டும் என்று ஒரு வயர் இழுத்து "பகிர்வு" என்று ஏதோ டிக் போட்டுவிட்டுப் போனான். அதுவாக இருக்குமோ?

பேட்டைக்காரி | 12 நவம்பர், காலை 8.05

அதேதான்!

இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்கை ஆன் பண்ணினால் விண்டோஸ் யாரையும் கேட்காமல் அந்த நெட்வொர்க் கார்டுக்கு 192.168.0.1 என்று எண் போட்டுவிடும். எங்கே போட்டாலும் இதே எண்தான். ஆக உங்கள் மில்லிலும் 192.168.0 தெரு, டவுன் ஆபீஸிலும் 192.168.0 தெரு.

கல்லிடையில் நின்றுகொண்டு ஒருவரிடம் மேலத்தெரு எங்கே என்று கேட்டால் அவர் கல்லிடை மேலத்தெருவைத்தான் காட்டுவார். டவுனில் ஒரு மேலத்தெரு இருக்கிறது என்று பஸ் ஏற்றிவிட மாட்டார். உங்கள் கம்ப்யூட்டரும் அப்படித்தான். 0.10 என்றதும் "அது நம்ம தெரு" என்று எடைமேடை வயரில் தேடுகிறது. அங்கே அந்த ஆள் இல்லை. மோடம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. 55.1 மட்டும் உள்ளூரில் இல்லாத தெரு என்பதால் நேராக மோடத்துக்குப் போனது, அதனால்தான் மச்சினன் வந்துபோன பிறகும் உங்கள் வேலை கெடவில்லை.

அந்த டெக்னீஷியனை அரைகுறை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மில்லில் என்ன எண் இருக்குமோ, எதற்கு வம்பு என்று தனித் தெரு போட்டிருக்கிறார். ஒரே மெஷின் இருந்தவரைக்கும் அது சரியான வேலைதான்.

சோதித்துப் பார்க்க: டயல் பண்ணுவதற்கு முன்னால் எடைமேடை வயரை மில் கம்ப்யூட்டரில் இருந்து பிடுங்கிவிடுங்கள்.

களத்துமேடு | 12 நவம்பர், இரவு 8.40

பிடுங்கினேன். நீல வயர். கிளிப் உடைந்துபோய் அட்டையை மடித்துச் செருகி வைத்திருக்கிறோம், அதனால் பிடுங்குவதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. மில்லின் 04634-ல் இருந்து ஆபீஸின் 0462-க்கு டயல் பண்ணி, 31.2 விழுந்ததும் பிங் 192.168.0.10 அடித்தேன். முதல் வரி வர ஒரு நொடி ஆனது. அப்புறம் நான்கு வரியும் வந்துவிட்டது. 184, 172, 171, 179.

எடைமேடையில் இருந்து "நெட்டு போச்சுய்யா" என்று குரல் வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்ணார்பேட்டை வயர் | 12 நவம்பர், இரவு 9.05

சபாஷ். தினமும் வயரைப் பிடுங்குவது குடும்பம் நடத்துகிற லட்சணம் இல்லை, ஏதாவது ஒரு பக்கம் தெருப் பெயரை மாற்றுங்கள். மில் பக்கம் வேண்டாம், ஷேரிங் அந்த 0.1-ஐத்தான் பிடித்துத் தொங்கும். ஆபீஸில் இரண்டே மெஷின். அதை 192.168.10 என்று மாற்றச் சொல்லுங்கள். பழையது 10.5, புதியது 10.10, டயலுக்கு 10.201 முதல் 205. டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

கடனாநதி | 13 நவம்பர், காலை 10.15

இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு விஷயம்.

ஒன்று, எஸ்டிடி (வெளியூர் போன்) மீட்டர் மில் கணக்கில் ஓடுகிறதா? பழைய மெஷினில் உங்கள் யூசர் பெயருக்குள் கால்பேக் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் மில் நம்பரைப் போட்டுவிட்டால், நீங்கள் டயல் பண்ணி பாஸ்வேர்ட் கொடுத்ததும் ஆபீஸ் மோடம் லைனை வைத்துவிட்டு, தானே உங்களைக் கூப்பிடும். செலவு ஆபீஸுக்குப் போகும். அதைவிட முக்கியம், பாஸ்வேர்ட் எவனுக்காவது தெரிந்தாலும் அவன் வீட்டில் இருந்து நுழைய முடியாது, மணி மில்லில்தான் அடிக்கும்.

இரண்டு, ஐப்பசி முடிகிற நேரம், சாயங்காலம் இடி இறங்கும். கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டோம் என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். மோடத்தைச் சாகடிப்பது பெரும்பாலும் போன் வயர் வழியாக வருவது. எங்கள் கடையில் போன மாதம் அப்படித்தான் ஒன்று கருகியது, மூடியைக் கழற்றியபோது வெடித்த பட்டாசு வாசனை. போன் வயரையும் கழற்றிப் போடுங்கள்.

களத்துமேடு | 13 நவம்பர், இரவு 10.30

இன்று ஞாயிறு. நானே டவுனுக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வந்தேன். பிரிண்டர் ஷேரிங்கைத் திரும்ப ஏற்றத்தான் நேரமானது. வருகிற வழியில் அல்வா வாங்கினேன், அதற்கு நின்ற நேரம் எண் மாற்றியதைவிட அதிகம்.

கால்பேக் விஷயம் முதலாளிக்கு முதலில் பிடித்துப்போனது. பாதுகாப்பைச் சொன்னபோது தலையாட்டினார், பில் ஆபீஸ் கணக்கில் வரும் என்றதும் "அதெல்லாம் வேண்டாம்லே" என்று சொல்லிவிட்டார். மில்லும் ஆபீஸும் அவருடையதுதான், எந்தப் பாக்கெட் என்பதில் ஏதோ கணக்கு இருக்கிறது.

ராத்திரி வந்து வயரைப் பிடுங்காமலே டயல் பண்ணினேன். 10.10 பதில் சொல்கிறது. \\192.168.10.10 என்று அடித்தால் 53 போய்விட்டது. இப்போது அக்கவுன்ட் கட்டுப்பாடு என்று ஏதோ சொல்லி வெளியே நிறுத்துகிறது.

பேட்டைக்காரி | 13 நவம்பர், இரவு 10.50

புது மெஷினில் அந்த யூசருக்கு பாஸ்வேர்டே வைக்கவில்லை, சரிதானே? பாஸ்வேர்ட் காலியாக இருக்கிற அக்கவுன்டை எக்ஸ்பி நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது, நேரில் உட்கார்ந்தால்தான் விடும். ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லுங்கள். சும்மா 1234 என்று வைத்தால் நான் பேட்டையில் இருந்து நடந்தே வந்து திட்டுவேன்.

எண்ணுக்குப் பதில் பெயரால் திறக்க வேண்டும் என்றால், மில் கம்ப்யூட்டரில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி ஃபோல்டருக்குள் எல்எம்ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலில் ஒரு வரி எழுதுங்கள்: முதலில் எண், இடம் விட்டுக் கம்ப்யூட்டர் பெயர், இடம் விட்டு ஹாஷ் குறியோடு ஒட்டி பிஆர்இ. அந்த மூன்று எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். அப்புறம் கறுப்புத் திரையில் என்பிடிஸ்டாட் இடைவெளி கழித்தல் குறி பெரிய ஆர் என்று அடித்தால் அந்த வரியைப் படித்துக்கொள்ளும். நோட்பேடில் சேமித்தால் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும், அதை வெட்டாவிட்டால் எழுதிய வரி இருந்தும் இல்லாத மாதிரி. மாதிரிக்கு அங்கே கிடக்கும் ஃபைலின் வாலில் உள்ள எஸ்ஏஎம்-ஐயும் அப்படியே விடாதீர்கள்.

களத்துமேடு | 14 நவம்பர், இரவு 10.40

திறந்துவிட்டது. ஃபோல்டர் தெரிகிறது, உள்ளே இருப்புக் கணக்கு தெரிகிறது. டபுள் கிளிக் பண்ணினேன்.

இப்போது புதுத் தலைவலி. 9.25-க்குத் திறக்கச் சொன்ன ஃபைல் 9.48-க்குத் திறந்தது. எழுதி முடித்து சேமிக்கக் கொடுத்தேன், பாதியில் நெல் அரைக்கிற ஹல்லர் மோட்டார் போட்டார்கள், லைன் அறுந்தது. மறுபடி டயல் பண்ணிப் போனால் ஃபைலை வேறொருவர் வைத்திருக்கிறார், படிக்க மட்டும்தான் முடியும் என்கிறது. அந்த வேறொருவர் நான்தான்.

முன்பு மாதத்துக்கு ஒரு ஃபைல், 300 கேபி இருக்கும். புதுக் கம்ப்யூட்டர் வந்த ஜோரில் இரண்டு வருஷக் கணக்கையும் ஒன்றாக்கி 4 எம்பி ஆக்கியிருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டை வயர் | 14 நவம்பர், இரவு 11.00

31.2 என்பது கிலோபிட், எட்டு பிட் ஒரு பைட், ஆக எட்டால் வகுத்தால் நொடிக்கு 3.9 கேபி. மேல்செலவு போக மூன்றரை கிடைத்தால் பெரிது. 1 எம்பிக்கு ஐந்து நிமிஷம். 4 எம்பி இருபது நிமிஷம், சேமிக்கும்போது இன்னொரு இருபது. லைன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

அந்தப் பூட்டு விழுந்த ஃபைலுக்கு: புது மெஷினில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்ட் ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ். அங்கே உங்கள் பழைய பேய் உட்கார்ந்திருக்கும், வலது கிளிக் பண்ணி மூடச் சொல்லுங்கள். தானாகப் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மோட்டார் போட்டதும் அறுவதற்கு: மோடம் பிராப்பர்ட்டீஸில் கூடுதல் கட்டளை என்ற கட்டத்தில் எஸ்10=50 என்று போடுங்கள். சத்தம் காணாமல் போனால் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்து லைனை வைப்பது என்பது அந்த எண். பத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கு. பல மோடத்தில் 14 அல்லது 20-தான் இருக்கும், அதாவது இரண்டு நொடிக்கு மேல் பொறுக்காது. 50 என்றால் ஐந்து நொடி. இரண்டு முனையிலும் போடுங்கள், ஒருவர் பொறுத்து மற்றவர் வைத்துவிட்டால் பிரயோஜனம் இல்லை.

பேட்டைக்காரி | 14 நவம்பர், இரவு 11.25

ஃபைலை எதற்குத் தம்பி மில்லுக்குத் தூக்கி வருகிறீர்கள்? நூறு மூடைக்குக் கணக்கு எழுத நூறு மூடையையும் வீட்டுக்குச் சுமந்து வருவீர்களா?

புது மெஷின் எக்ஸ்பி புரொஃபெஷனல். அதில் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது. மை கம்ப்யூட்டர் பிராப்பர்ட்டீஸில், ரிமோட் பக்கத்தில் ஒரு டிக். ஃபைல் அங்கேயே திறக்கும், அங்கேயே சேமிக்கும், உங்களுக்குத் திரை மட்டும் வரும், நீங்கள் அடிக்கிற எழுத்து மட்டும் போகும். மில்லில் இருந்து இணைக்கும்போது எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்தில் மோடம் 28.8 என்பதைத் தேர்ந்தெடுங்கள், வால்பேப்பர் அலங்காரம் எல்லாம் விட்டுவிடும். கலரையும் 256-க்குக் குறையுங்கள். ஷேர் ஃபோல்டரில் திறந்திருக்கும்போது லைன் அறுந்தால் பேய் பிடிக்கும். இதில் அறுந்தால் எக்ஸெல் அங்கே அப்படியே திறந்து கிடக்கும், மறுபடி போய் விட்ட வரியில் தொடரலாம்.

ஒன்றே ஒன்று. நீங்கள் உள்ளே போனால் ஆபீஸில் இருப்பவர் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

சாரல்73 | 15 நவம்பர், காலை 6.50

பிராட்பேண்ட் வாங்கினால் இதெல்லாம் எதுக்கு அக்கா?

களத்துமேடு | 17 நவம்பர், இரவு 9.55

சாரல் தம்பி, விசாரித்தேன். எங்கள் எக்சேஞ்சுக்கு இன்னும் வரவில்லை.

அக்கா சொன்னபடி திரை வந்தது. மெதுவாக மேலே இருந்து கீழே பாய் விரிக்கிற மாதிரி வருகிறது, ஆனால் வந்துவிட்டால் எழுதுவதற்கு ஒரு தடையும் இல்லை. ஒரு எண் அடித்தால் அரை நொடி கழித்து விழும். இன்றைய கணக்கு: அரைத்தது அம்பை 16 ரக நெல், 142 மூடை. தவிடு, குருணை, இரண்டு லோடு. ஏற்றி முடிக்கப் பன்னிரண்டு நிமிஷம். நடுவில் ஒருமுறை மோட்டார் போட்டார்கள், இரைச்சலில் திரை மூன்று நொடி உறைந்தது, அறவில்லை.

முதல் நாள் மட்டும் ஒரு கூத்து. நான் ஏழரைக்கே உள்ளே போய்விட்டேன். ஆபீஸ் தம்பி பில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான், திரை பூட்டியதும் வைரஸ் என்று நினைத்துக் கம்ப்யூட்டரின் பிளக்கையே பிடுங்கிவிட்டான். பில்லும் போச்சு, என் பன்னிரண்டு வரியும் போச்சு. இப்போது அவன் கடை சாத்தி சாவி பூட்டியதும் செல்லில் ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறான். அதற்கு அப்புறம்தான் டயல்.